ஜோபி காலியா

கார் ரேடியோ மாட்டுவது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பாட்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற கூட்டம். அவர்களை ஒருநாள் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருக்கும் அஸ்கரின் கடைக்கு அனுப்பி, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்குக்கு நேரே தொங்குகிற இருபது கம்பிகளில் எது எதுக்கு என்று கேட்க வேண்டும். அப்போது தெரியும் சேதி.

செட்டுக்கு உயிர் கொடுப்பது இரண்டே கம்பி. சிவப்புக் கம்பி சாவியோடு போகும். சாவியைத் திருப்பினால் அதில் கரண்ட் வரும், எடுத்தால் நின்றுவிடும். மஞ்சள் கம்பி அப்படி இல்லை. அது பேட்டரியிலிருந்து நேராக வருவது. வண்டி ஓடினாலும் நின்றாலும் அதில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பேட்டரிக்குப் பக்கத்திலேயே அந்தக் கம்பியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஃப்யூஸ் வைப்பார்கள். கம்பி எங்காவது தகரத்தில் உரசிவிட்டால் ஃப்யூஸ் செத்து வண்டியைக் காப்பாற்றும். ஃப்யூஸ் இல்லையென்றால் கம்பியே ஹீட்டர் சுருளாகிவிடும்.

பழைய வண்டிகளில் கம்பி தேடும்போது பத்துத் தடவை பொறி பறக்கும். பத்துத் தடவையும் ஃப்யூஸ் போகும். அதற்காக அஸ்கர் வேலை ஆரம்பிக்கும்போதே ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டு செப்புக்கம்பியை முறுக்கி வைப்பான். தப்புதான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் தப்பு சரியாகிவிடாது. அது அவனுக்கும் தெரியும். அதனால் அவனும் கூட்டாளி மனோகரனும் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கழற்றிய ஃப்யூஸ் அஸ்கரின் சட்டை ஜோபிக்குத்தான், அதாவது பாக்கெட்டுக்குத்தான் போகும், வேறெங்கும் போகாது. வண்டியை வெளியே விடும் முன் மனோகரன் கேட்பான், "ஜோபி காலியா?" அஸ்கர் நெஞ்சுப் பக்கம் தட்டிப் பார்த்து, "காலி" என்பான். அதற்குப் பிறகுதான் சாவி கைமாறும். பதினோரு வருஷத்தில் ஒரு வண்டிகூடத் தவறியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்தது துலுக்கானத்தின் வேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன். காலையில் அண்ணனூர், அயப்பாக்கம், திருவேற்காடு என்று வாசல் வாசலாக அள்ளிக்கொண்டு வந்து வேலப்பன்சாவடியில் இறக்குவார். மூன்று மணிக்கு மேல் அதே வழியில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். மொத்தம் பதினோரு உருப்படி, எல்லாம் ஐந்தாம் வகுப்புக்குக் கீழே. வண்டி கிழடு. டிரைவர் சீட்டுக்கு அடியில் என்ஜின், பக்கத்துச் சீட்டுக்கு அடியில் பேட்டரி, கடைசிச் சீட்டுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர்.

"பாட்டு போடு, பாட்டு போடுன்னு பேஜார் பண்ணுதுங்க பாய்" என்றார் துலுக்கானம், புதுச் செட்டின் பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு. "ரெண்டு மணிக்கு வண்டிய குட்த்துடு. புள்ளைங்கள இட்டாரணும்."

அந்த வண்டிக்குள் யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே கைவைத்திருந்தான். ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் சொந்தமே இல்லை. அஸ்கர் திட்டிக்கொண்டே வேலை செய்தான். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் செட்டு வாயைத் திறந்து பாடியது. துலுக்கானத்தின் போனை வாங்கி ப்ளூடூத்தில் சேர்த்தும் கொடுத்துவிட்டான். மிச்சம் இருந்தவை கடைசி வேலைகள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கம்பி அவிழ்ந்த நாடா மாதிரி கிடந்தது, அதற்கு உறை போட்டு ஓரமாகக் கட்ட வேண்டும். பேட்டரியில் கம்பியின் முனையைச் சும்மா செருகித்தான் வைத்திருந்தான், போல்ட்டை முடுக்க வேண்டும். செட்டில் போன் பேசுகிற வால்யூம் தனி, அது சுழியில் இருந்தது, ஏற்றி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, செப்புக்கம்பித் துண்டை எடுத்துவிட்டு ஃப்யூஸை மாட்ட வேண்டும்.

ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. வந்து முடித்துக்கொள்ளலாம் என்று எழுந்தான். கையைக் கழுவி, காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். பைக்கை உதைத்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகைக்கு முந்தைய பயான் பேச்சு முடிகிற நேரம். மனசு பாதி அங்கே போய்விட்டது.

மனோகரன் ஒரு காருக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தான். வேனில் பாட்டு பாடுகிறது. சீட்டு போட்டபடி இருக்கிறது. ஆள் கிளம்புகிறான். தலையைத் தூக்கிக் கேட்டான், "மச்சான், ஜோபி காலியா?"

பதினோரு வருஷப் பழக்கம். கேள்வி காதில் விழுந்தது, கை தானாக நெஞ்சுக்குப் போனது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் பாக்கெட்டைத் தட்டியது, வாய் தானாகச் சொன்னது.

"காலி."

அவ்வளவுதான் நடந்தது.

தொழுகை முடிந்து, வீட்டில் ரோஷன் பேகம் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அஸ்கர் கடைக்கு வந்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. நேராக உள்ளே போய்க் காக்கிச் சட்டையை எடுத்து மாட்டினான். பட்டன் போடும்போது நெஞ்சில் ஏதோ குத்தியது. விரலை விட்டு எடுத்தான். நீல நிற ஃப்யூஸ்.

வெளியே வந்து பார்த்தான். வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"துலுக்கானம் வண்டி எங்க?"

"ரெண்டு மணிக்கே வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே" என்றான் மனோகரன், ஊசியில் நூல் கோத்தபடி. மனோகரன் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். அதனால் எவ்வளவு அவசரத்திலும் அவன் பேச்சு நிதானமாகவே வரும். அந்த நிதானம் அன்றைக்கு அஸ்கருக்கு எரிச்சலாக இருந்தது.

"நான் இன்னும் முடிக்கவே இல்லடா."

"நீதான காலின்னு சொன்ன. நான் கேட்டேன், நீ தட்டிப் பாத்து சொன்ன."

அஸ்கர் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். மனோகரன் ஃப்யூஸைப் பார்த்தான், காக்கிச் சட்டையைப் பார்த்தான், ஆணியில் இப்போது தொங்குகிற வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாத தப்பு அது.

"சரி, பயப்படாத" என்றான் மனோகரன். "ஃப்யூஸ் இல்லாம எத்தனை வண்டி ஓடுது. சாயங்காலம் வரச் சொல்லி மாட்டிரலாம்."

"கம்பிய கட்டலடா. சீட்டுக்கு அடியில சும்மா கெடக்குது. அந்த சீட்டு மேல ரெண்டு புள்ளைங்க குந்தும். சீட்டோட இரும்புக் காலு கம்பி மேல ஏறுச்சுன்னா... பின்னாடி கேஸ் கீதுடா."

மனோகரன் ஊசியைக் கீழே வைத்தான்.

பைக்கை மனோகரன் ஓட்டினான், அஸ்கர் பின்னால் உட்கார்ந்து போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றுகிற நேரம், துலுக்கானம் போனை எங்காவது வண்டியில் போட்டிருப்பார். குமணன்சாவடி வழியாகப் போனால் மெட்ரோ வேலையில் மாட்டிக்கொள்வோம் என்று மனோகரன் பைபாஸில் ஏற்றினான். அங்கே மட்டும் என்ன வாழ்கிறது. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வழி கிடைத்த இடமெல்லாம் நுழைந்து, ஒரு பஸ்காரனிடம் திட்டு வாங்கி, வேலப்பன்சாவடி பள்ளிக்கூடத்து வாசலை அடைந்தபோது மூன்று இருபது.

வாசலில் ஈ, காக்கை இல்லை. வாட்ச்மேன் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"துலுக்கானம் வேனா? பாட்டு போட்டுகினு போச்சே, இப்பத்தான், ஒரு எட்டு நிமிசம் ஆவும்."

எட்டு நிமிஷம். திருவேற்காட்டுப் பாதையில் எட்டு நிமிஷ மேடு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இரும்புக் கால் மஞ்சள் கம்பியின் மேல் ஏறி இறங்குவதை அஸ்கர் கண்ணால் பார்ப்பதுபோல இருந்தது. மறுபடியும் போன் போட்டான். மூன்றாவது மணியில் எடுக்கப்பட்டது.

"அண்ணாத்தே, வண்டிய நிறுத்து" என்று கத்தினான். "ஓரம் கட்டு, புள்ளைங்கள எறக்கு."

பதில் வரவில்லை. ஆனால் சத்தம் வந்தது. பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் "ஏ..." என்று ஏமாந்த குரலில் இழுத்தார்கள். பிறகு துலுக்கானத்தின் குரல், "இன்னாடா இது, பாட்டு நின்னு பூட்சி."

போனை எடுத்தது துலுக்கானம் இல்லை, செட்டு. அந்த மலிவுச் செட்டுகள் சாவி போட்டிருக்கும்போது போன் மூன்று தடவை அடித்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். பாட்டை நிறுத்தும், மைக்கைத் திறக்கும். உள்ளே பேசுவதெல்லாம் அஸ்கருக்குக் கேட்கும். அஸ்கர் பேசுவது மட்டும் உள்ளே கேட்காது, ஏனென்றால் போன் வால்யூம் சுழியில் இருக்கிறது, ஏனென்றால் அவன்தான் அதை ஏற்றி வைக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினான். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேனுக்குள் ஒரு குஞ்சுக்கும் கேட்கவில்லை.

"அங்கிள்" என்றது ஒரு பெண்குழந்தையின் குரல், மைக்குக்கு மிகவும் பக்கத்தில். "ஏதோ கருகுற நாத்தம் வருது."

"வெளில எவனோ குப்பைய கொளுத்துறான் தீபிகா கண்ணு. கண்ணாடிய ஏத்திக்கோ."

அஸ்கர் கண்ணை மூடிக்கொண்டான்.

"யாரும் குப்பை கொளுத்தல அங்கிள்."

"கம்னு குந்து கண்ணு. இந்த பாய் இன்னா செட்டு மாட்டி உட்டான்னு தெர்ல. எத்த அமுக்கறது, இதுவா?"

ஏதோ ஒரு பட்டனை அமுக்கியிருப்பார். லைன் அறுந்தது. அங்கே பாட்டு திரும்ப வந்திருக்கும், பிள்ளைகள் கை தட்டியிருப்பார்கள்.

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் மனோகரனும் கேட்டிருந்தான். பயப்படாதே என்று இப்போது அவன் சொல்லவில்லை. கியரை இறக்கி ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

திருவேற்காடு தாண்டியது. கோவில் பக்கத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம், எலுமிச்சம்பழ மாலையும் ஆட்டோக்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மனோகரன் பிளாட்பாரத்தில் ஏற்றி இறக்கினான். அஸ்கர் திரும்பத் திரும்ப எண்ணை அமுக்கினான். துலுக்கானத்துக்கு இப்போது சூட்சுமம் தெரிந்துவிட்டது, பாட்டு நின்றால் அந்தப் பட்டனை அமுக்க வேண்டும். மூன்று தடவை எடுத்த எடுப்பில் வெட்டினார். யா அல்லா, இந்த மனுஷனுக்குக் கற்றுக்கொள்ள வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று அஸ்கருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

நான்காவது தடவை அவர் வெட்டவில்லை. அவர் வாய் வேறு வேலையாக இருந்தது.

"விக்ரமு, குதிக்காத. சீட்டு பிஞ்சிரும். தோ ஹவுசிங் போர்டு வந்துரும், பைய எடுத்து வெச்சிக்கோ. டேய், சொல்றேன்ல."

"அயப்பாக்கம் ஏரிக்கரை கிட்ட கீறாங்க" என்றான் அஸ்கர், மனோகரனின் தோளைப் பிடித்து உலுக்கி. "முன் சீட்டுல ஒருத்தன் குதிக்கிறான்டா. குதிக்கிறான்."

"பாட்டு போடுங்க அங்கிள், பாட்டு போடுங்க" என்று அந்தப் பையன் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குதி குதிப்பது போனில் கேட்டது. ஸ்பிரிங் கிறீச்சென்றது. ஒரு குதி. இன்னொரு குதி. அதற்கடுத்த குதியில் படக்கென்று ஒரு சத்தம், அதோடு எல்லாம் அடங்கிப்போனது.

செட்டு செத்துவிட்டது. அது ஏன் செத்தது என்று அஸ்கருக்குத் தெரியும். சீட்டின் இரும்புக் கால் மஞ்சள் கம்பியைக் கடித்துவிட்டது. செட்டுக்குப் போக வேண்டிய கரண்ட் எல்லாம் இப்போது தகரத்துக்குள் பாய்கிறது, அந்தக் கம்பி பழுக்க ஆரம்பித்திருக்கும்.

ஆனால் லைன் அறுபடவில்லை. போனில் ஏதோ உராய்கிற சத்தம் கேட்டது, துணிக்குள்ளிருந்து வருவதுபோல. அஸ்கருக்கு ஒரு விநாடி கழித்துத்தான் புரிந்தது. செட்டு போனதும் பேச்சு தானாகப் போனுக்குத் திரும்பிவிட்டது. போன் துலுக்கானத்தின் சட்டைப் பாக்கெட்டில் இருக்கிறது. இப்போது கத்தினால் கேட்கும்.

"துலுக்கானம்" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். "ஜோபில பாரு. போன எடு. நான் அஸ்கர்."

உராய்வு. பிறகு, "ஆரு? பாயா? நீயா லைன்ல கீற? உன் செட்டு..."

"செட்ட உடு. வண்டிய நிறுத்து. இப்பவே நிறுத்து. சீட்டுக்கு அடியில நெருப்பு."

அம்பது வயது மனுஷன், முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடித்தவர். வேறு கேள்வி கேட்கவில்லை. டயர் மண்ணில் தேய்கிற சத்தம் வந்தது.

"மொதல்ல முன் சீட்டு புள்ளைங்க. அப்பால பின்னாடி கதவு. எல்லாரையும் ரோட்டுக்கு அந்தாண்ட இட்டுகினு போ. எண்ணிக்கோ."

"எறங்குங்க கண்ணுங்களா, பைய உடு, பைய உடு." கதவு இழுபடுகிற சத்தம், பிள்ளைகளின் அழுகை, இருமல். "பாய், சாவிய ஆஃப் பண்ட்டேன். இன்னும் பொகையுது பாய்."

"சாவிக்கும் அந்தக் கம்பிக்கும் சம்பந்தம் இல்ல. அது நிக்காது. புள்ளைங்க எத்தினி?"

"ஒம்போது... பத்து... பதினொண்ணு. பதினொண்ணும் கீது பாய்."

"போய் சிலிண்டர் வால்வ மூடிட்டு நீயும் அந்தாண்ட போயிடு. வண்டிய தொடாத."

ஏரிக்கரை வளைவில் திரும்பியதும் வேன் தெரிந்தது. ரோட்டோரம் கோணலாக நின்றது. முன்பக்கக் கதவு வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது, கறுப்பாக, பிளாஸ்டிக் நாற்றத்தோடு. எதிர்ப்பக்கப் புங்கமரத்தடியில் சீருடைப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டீக்கடைக்காரர் ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். "ஊத்தாத" என்று அஸ்கர் பைக்கிலிருந்து குதித்தபடி கத்தினான். "கரண்ட் கீது, மண்ண எடு."

சீட்டைத் தூக்கினான். மஞ்சள் என்று சொல்ல அந்தக் கம்பியில் மஞ்சளே இல்லை. முனையிலிருந்து முனை வரைக்கும் சிவந்து கிடந்தது. உறை உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. சீட்டின் அடிப் பஞ்சு ஓரத்தில் பற்றி எரிய ஆரம்பித்திருந்தது.

"ஸ்பேனர குடு" என்றான்.

மனோகரன் அவனைப் பார்த்தான். "நீ எடுக்கலயா?"

இரண்டு பேரும் எடுக்கவில்லை. வெறும் ஃப்யூஸோடு வந்திருக்கிறார்கள், மடையர்கள். அஸ்கர் கையை விட்டான். முடுக்காத போல்ட்டுக்கு அடியில் வெறுமனே செருகி வைத்த முனை அது. அவன் செய்யாமல் விட்ட வேலைகளில் ஒன்றாவது இப்போது உதவ வேண்டும். பழுத்த கம்பியை உள்ளங்கையில் இறுகப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். பொறி பறந்தது. கம்பி கையோடு வந்தது. அவன் வாயிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. மனோகரனும் டீக்கடைக்காரரும் மண்ணை அள்ளி அள்ளிப் பஞ்சின் மேல் கொட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் புகை வெளுத்து, மெலிந்து, நின்றது.

அஸ்கர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தான். உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல. டீக்கடைக்காரர் இப்போது அந்த வாளித் தண்ணீரை அவன் கையில் ஊற்றினார்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. துலுக்கானம் வந்து அஸ்கரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தெய்வம் மாதிரி வந்த பாய். எங்கிருந்தோ போன போட்டு, வண்டில நெருப்புன்னு உனுக்கு எப்டி தெரிஞ்சிது. நீ மட்டும் போன் பண்ணலன்னா." சுற்றி நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் அஸ்கருக்குச் சோடா வாங்கிவந்து கொடுத்தார். இன்னொருவர் போனை நீட்டிப் படம் எடுத்தார்.

ஹவுசிங் போர்டு பக்கமிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து, வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் விட்டுவிட்டு ஓடிவந்தாள். விக்ரமின் அம்மா லோகநாயகி. பையனைத் தூக்கி, முகத்தைத் துடைத்து, கை காலெல்லாம் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. வந்தது சாதாரணக் கோபம் இல்லை.

"ஓட்ட வண்டில எங்க புள்ளைங்கள ஏத்திகினு போறியா நீ? இன்னைக்கு ஏதாவது ஆயிருந்தா யாருய்யா பதில் சொல்றது? புள்ளைங்க நாத்தம் வருதுன்னு சொல்லியும் கண்ணாடிய ஏத்திக்கோன்னு சொன்னியாமே. நாளைலேர்ந்து எம் புள்ள இதுல ஏறாது. எங்க பிளாக்ல யாரும் ஏத்த மாட்டாங்க. நான் சொல்றேன் பாரு எல்லாருக்கும். போலீஸ்ல குடுக்கறேன் உன்ன."

துலுக்கானம் கையைக் கட்டிக்கொண்டு, புகை படிந்த தன் வண்டியையே பார்த்தபடி நின்றார். பத்து வருஷமாக ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுஷன். ஆமாம், பழைய வண்டிதான், என் தப்புதான் என்று அவரே நம்பிவிட்டார் என்பது அந்த நிற்கிற நிலையிலேயே தெரிந்தது.

மனோகரன் குனிந்து அஸ்கரின் காதருகில் வந்தான். "எந்திரி மச்சான். கைக்கு மருந்து போடணும். கிளம்பலாம்." முழங்கையைப் பிடித்து அழுத்தினான். அந்த அழுத்தத்தில் அவன் சொல்லாததும் இருந்தது. யாருக்கும் தெரியாது. வண்டி பழசு. கம்பி கருகிப்போச்சு. செப்புத் துண்டும் உருகிப்போயிருக்கும்.

அஸ்கர் சோடா பாட்டிலைக் கீழே வைத்தான். எழுந்து போய்விடலாம். நாளைக்கும் கடை திறக்கலாம், போனில் படம் ஓடும், பிள்ளைகளைக் காப்பாற்றிய பாய் என்று நாலு வண்டி அதிகமாகவே வரும். இந்த மனுஷன் மட்டும் வண்டியை விற்றுவிட்டுத் தெருவில் நிற்பார். அவர் பொண்டாட்டி ஜெகதாம்பாள், பிள்ளைகளைச் சாகடிக்கப் பார்த்தவன் பொண்டாட்டி என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு வாங்குவாள்.

எழுந்தான். வேகாத கையைக் காக்கிச் சட்டையின் பாக்கெட்டுக்குள் விட்டு ஃப்யூஸை எடுத்தான்.

"அம்மா, அவர திட்டாதீங்க" என்றான். "வண்டில ஒண்ணும் இல்ல. செட்டு மாட்டனது நான். மாட்டும்போது இத கழட்டி வெச்சேன். திருப்பி மாட்டல. இது இருந்திருந்தா பாட்டு மட்டும் நின்னிருக்கும், வேற ஒண்ணும் ஆயிருக்காது. நெருப்பு எப்டி தெரிஞ்சிதுன்னு கேட்டாரே, இப்டித்தான் தெரிஞ்சிது."

படம் எடுத்துக்கொண்டிருந்தவர் போனை இறக்கினார். லோகநாயகி பையனை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் பார்வையை அஸ்கரால் தாங்க முடியவில்லை, ஆனாலும் முகத்தைத் திருப்பவில்லை. மனோகரன் ஓரடி முன்னால் வந்து, "நானும்தாம்மா. ஜோபி காலியான்னு கேட்டேன், காலின்னான். சாவிய குடுத்தது நான்" என்றான்.

துலுக்கானம் மெதுவாக வந்தார். அஸ்கரின் கையிலிருந்து ஃப்யூஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் நடுவில் ஓடுகிற மெல்லிய கம்பி முழுசாக இருந்தது.

"இம்மாத்தூண்டா?" என்றார்.

"ஆமாண்ணே."

"எப்பலேர்ந்து உன் ஜோபில கீது?"

"காலைலேர்ந்து. சட்டைய ஆணில மாட்டிட்டு தொழப் போனேன், அப்பால வூட்டுக்கு சாப்ட."

"நீ நமாஸ் பண்ணி, துன்னுட்டு வர்ற வரிக்கும், பதினோரு புள்ளைங்க உசுரு ஆணில தொங்கிகினு இருந்திச்சா பாய்?"

அஸ்கர் தலையை மட்டும் ஆட்டினான்.

அடிப்பார் என்று மனோகரன் நினைத்தான். அடித்திருந்தால் தேவலை என்று அஸ்கர் பிறகு பல நாள் நினைத்தான். துலுக்கானம் அடிக்கவில்லை. ஃப்யூஸை அஸ்கரின் சட்டைப் பாக்கெட்டுக்குள்ளேயே திரும்பப் போட்டார். மேலே உள்ளங்கையை வைத்து ஒரு தரம் அழுத்தினார்.

"இது எனுக்கு வேணாம். இங்கியே கெடக்கட்டும். இனிமே ஆராவது காலியான்னு கேட்டா, இல்லன்னு சொல்லு."

அப்புறம் ரோட்டைத் தாண்டிப் புங்கமரத்தடிக்குப் போனார். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டு மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்.